ஸ்நோமொபைலில் பெல்ட் அடிக்கடி அறுகிறது: கிளட்ச் அலைன்மென்ட்டை எந்த வரிசையில் சரிபார்ப்பது?

உறையேரி (ஒன்ராறியோ) எழுதியது:

வணக்கம். ஹாலிபர்ட்டன் பகுதியில் ஏரிகள் உறைந்ததும் மீன்பிடிக்கப் போவதற்கென்று, 600 சிசி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட ஸ்நோமொபைல் ஒன்றைச் சென்ற இலையுதிர்காலத்தில் பழையதாக வாங்கினேன். என்ஜினில் குறை எதுவும் இல்லை. கடுங்குளிரிலும் தயங்காமல் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஒத்திருக்கிறது. டிரைவ் பெல்ட் மட்டும் நிலைப்பதே இல்லை. தயாரிப்பாளரின் அசல் பெல்ட்டைப் போட்டாலும் சில நூறு கிலோமீட்டருக்குள் கருகிய ரப்பர் வாடை கிளம்புகிறது. அதன் பிறகு நெடுநேரம் தாங்குவதில்லை. இருநூறு டாலர் அளவுக்கு விலை போகும் பொருளை இப்படி மாற்றிக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது என்பதோடு, ஏரியின் நடுவில் இருட்டும் வேளையில் அறுந்தால் அது பணத்தோடு முடிகிற சங்கதியும் அல்ல.

கடைசியாகக் கழற்றிய பெல்ட் என் மேசைமேல் இருக்கிறது. அதன் ஒரு பக்க விளிம்பில் மட்டும் உள்நார் பிரிந்து, பழைய வேட்டிக் கரையில் நூல் உரிந்ததுபோல் தொங்குகிறது. மறுபக்கம் ஏறக்குறைய புதிதுபோலவே உள்ளது. அடிப்பக்கத்துப் பற்கள் எல்லாம் இருக்கின்றன.

அருகிலுள்ள பட்டறை ஒன்றில் காட்டியபோது, செகண்டரி கிளட்ச்சுக்குப் (டிராக்கை, அதாவது பனியில் உருளும் பட்டையை, ஓட்டும் பக்கத்து இரட்டைத்தட்டுக் கப்பி) பின்னால் ஒரு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அவர்கள் எதையும் அளந்து பார்க்காமல் சொன்னதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வண்டியின் சர்வீஸ் கையேட்டை வாங்கிப் படித்துப் பார்த்தேன். அதில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, செகண்டரியின் தட்டுகளுக்கு இடையில் ஒரு நேரான சதுரக் கம்பியைப் பொருத்தி, அது பிரைமரியின் (என்ஜின் பக்கத்துக் கிளட்ச்) நிலையான தட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத் தட்டின் பின்விளிம்பிலும் முன்விளிம்பிலும் தனித்தனியே அளக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். பின்விளிம்பு அளவு 35 மி.மீ. இருக்கவேண்டும் என்றும், முன்விளிம்பு அளவு அதைவிட 1 முதல் 2 மி.மீ. வரை கூடுதலாக இருக்கவேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறது. இரண்டு கிளட்ச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதுதானே முறை? வேண்டுமென்றே கோணலாக வைக்கச் சொல்வது அச்சுப்பிழையா, அல்லது நான்தான் வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேனா? எதிலிருந்து தொடங்கவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்பாதை (கியூபெக்) எழுதியது:

அளவுக்கம்பியை எடுப்பதற்கு முன்பு, அறுந்த பெல்ட்டையே முதல் சாட்சியாக வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் எல்லாக் காரணங்களுக்கும் ஒரே மாதிரி சாவதில்லை. வட்டம் முழுவதும் சரியாக இருந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் கடித்து எடுத்ததுபோல் குறுகியிருந்தால், டிராக் பனியில் உறைந்து நகராமல் நிற்கும்போது த்ராட்டிலைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிரைமரி சுழல, பெல்ட் நின்ற இடத்திலேயே நின்று தேய்ந்ததன் தழும்பு அது. இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் பளபளத்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது; தட்டுகளில் எண்ணெய்ப் படலம், தளர்ந்த ஸ்ப்ரிங், தொய்வான பெல்ட் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். பற்களுக்கிடையே குறுக்கு வெடிப்புகள் இருந்தால் பெரும்பாலும் வயது காரணம். பற்களே பிய்ந்து போயிருந்தால் அளவு மீறிய சூட்டையோ, நின்ற நிலையிலிருந்து முரட்டுத்தனமாகக் கிளப்பியதையோ பார்க்கவேண்டும்.

நீங்கள் விவரித்திருப்பது இவற்றில் எதிலும் சேராது. ஒரு பக்க விளிம்பு மட்டும் நார் பிரிந்திருப்பது அலைன்மென்ட் கோளாற்றுக்கே உரிய அடையாளம். எனவே நீங்கள் சரியான கதவைத்தான் தட்டுகிறீர்கள். ஆனால் "அலைன்மென்ட்" என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு அளவுகள் அடங்கியுள்ளன: இரண்டு தண்டுகளின் மையங்களுக்கிடையே உள்ள தூரம், தட்டுகளின் கோணம், பக்கவாட்டுத் தள்ளலான ஆஃப்செட். ஷிம் போடுவது மூன்றாவதை மட்டுமே மாற்றும். பட்டறைக்காரர் சொன்னது தற்செயலாகச் சரியாக அமையலாம், அமையாமலும் போகலாம். அளக்காமல் போட்ட ஷிம் இருக்கிற குழப்பத்தோடு இன்னொன்றைச் சேர்க்கும்.

கருவிப்பெட்டி (சட்பரி) எழுதியது:

கையேட்டில் இருப்பது அச்சுப்பிழை அல்ல. உங்கள் கேள்வி முழுவதற்குமான விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்களில் ஓடும் ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் இதே வகை கிளட்ச்சும் பெல்ட்டும்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே அலைன்மென்ட் என்ற பேச்சே எழுவதில்லை. காரணம், ஸ்கூட்டரில் என்ஜினும் பின்சக்கரத்தண்டும் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் அமைந்துள்ளன; இரண்டு தண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலக வழியே கிடையாது. ஸ்நோமொபைலில் பிரைமரி கிளட்ச், என்ஜினின் கிராங்க்‌ஷாஃப்ட் முனையில் இருக்கிறது. அந்த என்ஜின் ரப்பர் மவுண்ட்களின்மேல் மிதந்தபடி உட்கார்ந்திருக்கிறது. செகண்டரியோ வண்டியின் சட்டத்தில் பேரிங் போட்டுப் பொருத்திய ஜாக்‌ஷாஃப்ட்டில் இருக்கிறது. ஒன்று ஆடும் பொருளில், மற்றொன்று ஆடாத பொருளில். இரண்டையும் இணைப்பது பெல்ட் ஒன்றுதான்.

இப்போது த்ராட்டிலைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் குறுக்காக அமைந்து, கிளட்ச் அதன் இடது முனையில் இருக்கும். பெல்ட் முறுக்கேறி இழுக்கும்போது, அந்த இடது முனையைத்தான் செகண்டரியை நோக்கிப் பின்னால் இழுக்கிறது. வலது முனையை யாரும் இழுப்பதில்லை. ஆகவே மேலிருந்து பார்த்தால் என்ஜின் முழுவதும் சிறிதளவு திருகிக்கொள்கிறது. பிரைமரித் தட்டின் முன்விளிம்பு வண்டியின் வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. வண்டி நிற்கும்போது இரண்டு கிளட்ச்சுகளையும் துல்லியமாக இணையாக வைத்தால், ஓடும்போது அவை இணையாக இரா. அதனால்தான் நிற்கும் நிலையில் முன்விளிம்பை 1 முதல் 2 மி.மீ. உட்பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். பாரம் ஏறும்போது அது தானாக நேர்க்கோட்டுக்கு வந்து சேரும். நாம் கம்பி வைத்து அளப்பது ஓய்வு நிலையை. பெல்ட் வாழ்வதும் சாவதும் பாரம் ஏறிய நிலையில்.

ஆகவே கம்பியைத் தொடும் முன்பு, என்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிய பின், பிரைமரியை இரண்டு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ரப்பர் அமுங்கும் அளவுக்கு மெல்லிய அசைவு இருக்கலாம். "டக்" என்று உலோகம் மோதும் ஓசை வந்தால், அல்லது ஒரு பக்கம் போனது திரும்பி வரச் சோம்பினால், மவுண்ட் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மவுண்ட்டின் ரப்பரும் உலோகத்தட்டோடு ஒட்டும் விளிம்பைப் பாருங்கள். ரப்பர் முழுமையாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஒட்டு விட்டுப்போய், ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகப் பிளவு தெரியும். எண்ணெயும் பெட்ரோலும் ஊறிய ரப்பர் விரல் பட்டால் கறுப்பாக ஒட்டும். இடது பக்க மவுண்ட்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். பெல்ட் இழுப்பு முழுவதும் அவற்றின்மேல்தான் விழுகிறது.

அடுத்து டார்க் ஸ்டாப். என்ஜினின் இடது பின்பக்கத்தில், அது பின்னால் போவதைத் தடுப்பதற்காக ரப்பர் முனையுடன் கூடிய ஒரு போல்ட் பல மாதிரிகளில் இருக்கும். அதற்கும் என்ஜினுக்கும் இடையே கையேடு சொல்லும் சிறிய இடைவெளி மட்டுமே இருக்கவேண்டும். பழைய வண்டிகளில் அந்த ரப்பர் தேய்ந்தோ கழன்று விழுந்தோ போயிருக்கும். முந்தைய உரிமையாளருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. இந்த இடைவெளியை எல்லா அலைன்மென்ட் வேலையும் முடிந்த பிறகு கடைசியாகத்தான் வைக்கவேண்டும். முதலிலேயே நெருக்கி வைத்தால் அது என்ஜினை ஒரு பக்கமாகத் தள்ளி, அளவுகளையே பொய்யாக்கிவிடும்.

பிறகு ஜாக்‌ஷாஃப்ட். செகண்டரியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால், அதை மாற்றாமல் எடுக்கும் அளவுகள் எல்லாம் மணலில் எழுதியவையே. பிரைமரியின் நகரும் தட்டை ஆட்டினால் அது தண்டின்மேல் தள்ளாடுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் தட்டு சாய்ந்து பெல்ட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் அலைன்மென்ட் கோளாறுபோலவே தோன்றும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் கம்பி. முதலில் மையத்தூரம்; அது குறைவாக இருந்தால் பெல்ட் தொய்ந்து வழுக்கும், கூடுதலாக இருந்தால் ஐடிலிலேயே வண்டி ஊர்ந்து போகும். இரண்டாவது கோணம். மையத்தூரத்தையும் கோணத்தையும் என்ஜின் மவுண்ட் போல்ட்களைத் தளர்த்தி, என்ஜினை நகர்த்தித்தான் சரிசெய்யவேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும் என்பதால் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளந்தாகவேண்டும். ஆஃப்செட் அதற்குப் பிறகே வரும். அதைச் செகண்டரிக்குப் பின்னால் ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ வைக்கலாம்.

ஆஃப்செட் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரைமரியில் உட்தட்டு நிலையானது, வெளித்தட்டு நகர்வது. செகண்டரியில் அதற்கு நேர்மாறாக வைத்திருக்கிறார்கள். வேகம் கூடக் கூட பெல்ட் பிரைமரியில் மேலேறும்போதும் செகண்டரியில் கீழிறங்கும்போதும் இரண்டு இடத்திலும் என்ஜின் பக்கமாகவே நகரவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் பெல்ட்டின் நீளம் மாறாதது என்பதால், பிரைமரியில் ஏறும் அளவும் செகண்டரியில் இறங்கும் அளவும் எல்லா நிலைகளிலும் சமமாக இருப்பதில்லை. எனவே பெல்ட் முழு நேர்க்கோட்டில் ஓடுவது சில விகிதங்களில் மட்டுமே. மற்ற விகிதங்களில் மிகச் சிறிய கோணல் இருந்தே தீரும். தயாரிப்பாளர் தரும் ஆஃப்செட் அளவு இந்த ஏற்றத்தாழ்வுகளுக்கிடையே கண்ட சமரசம். சில மாதிரிகளில் செகண்டரி தண்டின்மேல் சிறிதளவு பக்கவாட்டில் மிதக்கும்படி விட்டிருப்பதும் அதற்காகவே. உங்கள் மாதிரியில் அப்படி மிதவை உண்டென்றால், அந்த இடத்தை ஷிம் போட்டு அடைத்துவிடாதீர்கள். துரு பிடித்து அங்கேயே இறுகிப்போயிருந்தால் தண்டைச் சுத்தம் செய்து மீண்டும் நகரவிடுங்கள்.

கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாதிரிக்குரிய அலைன்மென்ட் கம்பியை வாங்குவதே நல்லது. இரும்புக்கடையில் கிடைக்கும் சதுரக்கம்பியும் உதவும், அது நேராக இருக்கும்வரை. சமதளக் கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்தால் நான்கு பக்கமும் வெளிச்சம் தெரியாமல் உட்காரவேண்டும்.

உறையேரி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

பிரைமரியைப் பிடித்து இழுத்தபோது என்ஜினின் இடது பக்கம் பின்னால் வந்தது. கையை எடுத்தும் முழுவதுமாகத் திரும்பிப் போகவில்லை. இடது பின் மவுண்ட்டின் ரப்பர், கீழ்த்தட்டிலிருந்து பாதிச் சுற்றளவுக்கு விட்டுப்போயிருக்கிறது. ஒரு மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு தடையின்றி உள்ளே நுழைகிறது. வெளியிலிருந்து பார்த்தபோது இது தெரியவே இல்லை. டார்க் ஸ்டாப்பின் போல்ட் இருக்கிறது, அதன் முனையில் இருக்கவேண்டிய ரப்பர் இல்லை. ஜாக்‌ஷாஃப்ட் பேரிங்கில் ஆட்டம் இல்லை. நகரும் தட்டிலும் தள்ளாட்டம் தெரியவில்லை.

மவுண்ட்டை மாற்றும் முன்பே கம்பி வைத்து அளந்தும் பார்த்தேன். பின்விளிம்பில் 35 மி.மீ., முன்விளிம்பில் 34 மி.மீ. மையத்தூரம் கையேட்டில் உள்ளதைவிட ஏறத்தாழ 2 மி.மீ. குறைவாக இருக்கிறது. இப்போது ஷிம் போடவேண்டுமா, வேண்டாமா?

மலைச்சரிவு (ரெவல்ஸ்டோக், பிரிட்டிஷ் கொலம்பியா) எழுதியது:

மவுண்ட்டை மாற்றவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே மலையில் ஓட்டுபவர்களிடையே பெல்ட் அறுந்தாலே அலைன்மென்ட், அலைன்மென்ட் என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கும் பழக்கம் இருப்பதைக் கண்டிருப்பதால், அடுத்த பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். பெல்ட்டைக் கொல்வது கடைசியில் சூடுதான். கோணலும் சூட்டை உண்டாக்கும், வழுக்கலும் உண்டாக்கும். பெல்ட்டின் உள்வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது ஆலைகளில் வி-பெல்ட் பராமரிப்பவர்கள் கைக்கொள்ளும் தோராயமான கணக்கு. எங்கள் வண்டிகளுக்கும் அது ஏறக்குறையப் பொருந்துகிறது.

எனவே இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெல்ட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்திய உடனே பக்கவாட்டு மூடியைத் திறந்து, இரண்டு கிளட்ச்சுகளின் தட்டுகளிலும் சூட்டைப் பாருங்கள். பிரைமரி மட்டும் தனியாகச் சூடேறியிருந்தால் பெல்ட் அங்கே வழுக்குகிறது. வெயிட்கள் (சுழலும்போது பிரைமரியின் நகரும் தட்டை அழுத்தும் எடைகள்), பிரைமரி ஸ்ப்ரிங், தட்டின் புஷ் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். செகண்டரி மட்டும் சூடேறியிருந்தால் அதன் ஸ்ப்ரிங்கையும் ஹீலிக்ஸையும் (நகரும் தட்டை வழிநடத்தும் சாய்வுப்பாதை) பாருங்கள். கோணல் இருந்தால் பெரும்பாலும் இரண்டுமே சூடாகத்தான் இருக்கும். வெயிட்கள் விஷயத்தில் வண்டி முன்பு எந்த உயரத்தில் ஓடியது என்பதையும் விசாரியுங்கள். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் என்ற கணக்கில் என்ஜினின் வலு குறைவதால், மலைக்காரர்கள் எடை குறைந்த வெயிட்களைப் போட்டிருப்பார்கள். அதே வண்டியைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுவந்தால் என்ஜின் அளவு மீறிச் சுழலும்; பிரைமரி பெல்ட்டைப் பிடிக்கும் பிடியும் போதாமல் போகும்.

மீன்பிடிக்கப் போகிறவர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். குடிலும் துளைக்கருவியும் ஏற்றிய இழுவண்டியைப் பின்னால் கட்டி, மெதுவாகத்தான் போகிறீர்களா? பிரைமரி பெல்ட்டைப் பிடிக்கத் தொடங்கும் சுழற்சியை ஒட்டியே நெடுநேரம் ஓட்டுவதுபோல் பெல்ட்டைச் சுடவைப்பது வேறெதுவும் இல்லை. அப்படியென்றால் செயின்கேஸில் (டிராக்குக்கு வலுவைக் கடத்தும் சங்கிலிப் பெட்டி) மேல் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றிக் கியரைத் தாழ்த்துவதைப் பற்றி யோசியுங்கள். உச்சவேகம் குறையும், ஒன்ராறியோவின் பொதுத் தடங்களில் வேறு அறிவிப்பு இல்லாதவரை 50 கி.மீ.தான் வரம்பு என்பதால் அதில் உங்களுக்குப் பெரிய இழப்பு இல்லை.

கருவிப்பெட்டி எழுதியது:

உறையேரி, ஷிம் வேண்டாம். உங்கள் அளவுகளையே திரும்பப் பாருங்கள். பின்விளிம்பில் 35 மி.மீ. என்பது கையேடு சொன்ன அதே அளவு, ஆஃப்செட் கெடவில்லை. கெட்டிருப்பது கோணம். முன்விளிம்பு 36 அல்லது 37 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 34 இருக்கிறது என்றால், த்ராட்டிலைத் தொடாமலே உங்கள் என்ஜின் திருகிக்கொண்டு நிற்கிறது. பாரம் ஏறும்போது இன்னும் அதே திசையில் திரும்பும். இடது முனை பின்வாங்கியதால்தான் மையத்தூரமும் குறைந்திருக்கிறது. விட்டுப்போன மவுண்ட், காணாமல்போன டார்க் ஸ்டாப் ரப்பர், கோணம், மையத்தூரம் ஆகிய நான்கும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இந்த நிலையில் ஷிம் போட்டிருந்தால், இதுவரை சரியாக இருந்த ஒரே அளவையும் கெடுத்திருப்பீர்கள்.

மவுண்ட்களில் ஒன்றை மட்டும் மாற்றாமல், இடது பக்கத்தில் உள்ளவை அனைத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய ரப்பரும் பழைய ரப்பரும் ஒரே அளவில் அமுங்குவதில்லை. போல்ட்களை விரலிறுக்கமாக வைத்து, என்ஜினை முன்னோக்கித் தள்ளி மையத்தூரத்துக்குக் கொண்டுவந்து, முன்விளிம்பு 1.5 மி.மீ. கூடுதலாக வரும்வரை திருப்பி, பின்பு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். இறுக்கும்போதே என்ஜின் சற்று நகரும் என்பதால் இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளக்காமல் பெல்ட்டைப் போடாதீர்கள். கடைசியாக டார்க் ஸ்டாப்.

பெல்ட்டைப் போட்டதும் தொய்வு. செகண்டரிக்கும் பிரைமரிக்கும் மேலாக ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, பெல்ட்டின் நடுவில் கையேடு சொல்லும் எடைக்கு அழுத்தினால், பல பழைய மாதிரிகளில் ஏறத்தாழ 32 மி.மீ. தாழும். இதைச் செகண்டரியில் உள்ள சரிப்படுத்தும் திருகினாலோ, தட்டுகளுக்கிடையே உள்ள ஷிம்களாலோ மாற்றலாம். இந்த ஷிம்களும் ஆஃப்செட் ஷிம்களும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தட்டுகளை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, புதிய பெல்ட்டைச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி உலர்த்தி, அதன் எழுத்துகள் தலைகீழாக இல்லாமல் படிக்கும் திசையில் மாட்டுங்கள். முதல் 50 கி.மீ. வரை முழு த்ராட்டிலைத் தவிர்த்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினால் பெல்ட்டின் பக்கங்கள் தட்டுகளோடு ஒத்துப் படியும்.

மலைச்சரிவு சொன்ன வெப்ப அளவீட்டை நானும் வழிமொழிகிறேன், ஆனால் அலைன்மென்ட் முடிந்த பிறகு. கோணல் இருக்கும்போது எடுக்கும் சூட்டளவுகளை வைத்து வெயிட்டையும் ஸ்ப்ரிங்கையும் மாற்றத் தொடங்கினால், பின்பு எதை எதற்காக மாற்றினோம் என்பதே தெரியாமல் போகும்.

ஒன்று மட்டும் உடனடியாகச் செய்யுங்கள். பெல்ட் அறுந்த வண்டி என்பதால், பிரைமரியின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிதறிய நார் கிராங்க்‌ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு, என்ஜின் பக்கத்து சீலை (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) அறுத்துவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த சீல் போனால் வெளிக்காற்று கிராங்க்கேஸுக்குள் புகுந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும்வரை போகும். நார் தெரிந்தால் பிரைமரியைக் கழற்றியாகவேண்டும். அது கூம்புத்தண்டில் இறுகியிருப்பதால் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயலாமல் உங்கள் மாதிரிக்குரிய புல்லரையே (கிளட்ச்சைக் கழற்றும் கருவி) பயன்படுத்துங்கள்.

உறையேரி எழுதியது:

நார் இருக்கிறது. பிரைமரிக்கும் என்ஜினுக்கும் இடையில், சீலை ஒட்டிக் கறுப்பு நூல் உருண்டையாகச் சுற்றியிருக்கிறது. ஆர்டர் செய்யும் பட்டியலில் மவுண்ட்களோடும் டார்க் ஸ்டாப் ரப்பரோடும் புல்லரையும் சீலையும் சேர்த்துவிட்டேன். மலைச்சரிவு கேட்டதற்குப் பதில்: ஆம், இழுவண்டியும் உண்டு, மெதுவாகத்தான் போகிறேன். பல்சக்கரத்தைப் பற்றித் தனி இழையில் கேட்கிறேன்.

வெண்பாதை எழுதியது:

சீலை மாற்றியதும், கிளட்ச்சை மீண்டும் பொருத்தும் முன்பு கிராங்க்கேஸில் காற்றழுத்தச் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். புதிய சீல் சரியாக உட்கார்ந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். கூம்புத்தண்டையும் கிளட்ச்சின் உட்கூம்பையும் எண்ணெய் அறவே இல்லாமல் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். அங்கே கிரீஸ் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது கூடாது. பிரைமரி போல்ட்டைக் கையேட்டின் டார்க் அளவுக்கு இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு மறுபடி அதே அளவில் சரிபாருங்கள். பிரைமரியை ஒருமுறை கழற்றிப் போட்டால் அது கூம்பில் முன்பிருந்த அதே ஆழத்தில் உட்காரும் என்று சொல்லமுடியாது என்பதால், கம்பியளவை எடுப்பதும் அதற்குப் பிறகே இருக்கட்டும்.